‘ஆர்கானிக்கா?’ன்னு கேட்கும் முன்னாடி, ‘எந்தத் தண்ணி?’ன்னு கேளுங்க! - வாணியம்பாடி ஏரியா கிச்சன் கைடு

ஆம்பூர், வாணியம்பாடின்னாலே எல்லாருக்கும் பிரியாணிதான் ஞாபகத்துக்கு வரும். சீரக சம்பா அரிசி, காய்ந்த மிளகாய் விழுது, தொட்டுக்கப் புளிப்பா ஒரு கத்திரிக்காய்த் தொக்கு. இந்த ஊர்களுக்கு இன்னோர் அடையாளமும் இருக்கு, அது தோல் தொழில். அதனாலதான் இங்கே ‘ஹெல்தி சமையல்’ங்கிறது எண்ணெயைக் குறைக்கிறதோட முடியுறதில்ல. நம்ம தட்டுல இருக்கிற காய் எந்தத் தண்ணியில விளைஞ்சதுங்கிற கேள்வியும் கூடவே வருது.

கிணத்துக்கு உப்பு எப்படி வந்தது?

பச்சைத் தோல் அழுகாம இருக்க சாதா உப்பைத்தான் அள்ளிப் போடுவாங்க. பதனிடுறதுக்கு முன்னாடி தோலை ஊறவெச்சுக் கழுவும்போது, அந்த உப்பு முழுக்கத் தண்ணியோட வெளியே வந்துடும். அடுத்து, பதனிட குரோமியம் சேர்ப்பாங்க. சுத்திகரிப்பு நிலையத்துல குரோமியத்தைப் பெரும்பாலும் கசடா படியவெச்சுப் பிரிச்சுடலாம். சாதா உப்பு அப்படிப் படியாது. ஆர்.ஓ., ஆவியாக்குறதுன்னு செலவு பிடிக்கிற வேலை அது. இந்த வசதியெல்லாம் வர்றதுக்கு முன்னாடி, பல வருஷம் கழிவுநீர் நேரா வயலுக்கும் பாலாத்துக்கும்தான் போச்சு.

இதை எதிர்த்து வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் போட்ட வழக்குலதான், 1996 ஆகஸ்ட் 28-ல உச்ச நீதிமன்றம் ‘மாசுபடுத்தினவரே விலை கொடுக்கணும்’ங்கிற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதின்னு சொன்னது. தோல் தொழிற்சாலைகள் இருக்கிற பகுதியில சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் ஓரளவோ, முழுசாவோ கெட்டுப்போச்சுன்னு அந்தத் தீர்ப்புலயே பதிவாகியிருக்கு. 2025 ஜனவரி 30-ல அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்டவங்களுக்கு அரசே முதல்ல இழப்பீட்டைக் கொடுத்துட்டு ஆலைகள்கிட்ட வசூலிச்சுக்கட்டும்னு சொல்ல வேண்டியிருந்தது. நடுவுல 28 வருஷம்!

லேபிள் என்ன சொல்லுது?

‘ஜைவிக் பாரத்’, ‘பி.ஜி.எஸ். இந்தியா’ முத்திரைகளைப் பார்த்திருப்பீங்க. விவசாயி ரசாயன உரமும் பூச்சிமருந்தும் போடாம விளைவிச்சார்ங்கிறதுதான் இதோட முக்கியமான அர்த்தம். பி.ஜி.எஸ்-ல பக்கத்துப் பக்கத்து விவசாயிகளே குழுவா சேர்ந்து ஒருத்தர் நிலத்தை ஒருத்தர் சரிபார்ப்பாங்க. நல்ல முறைதான். ஆனா, முப்பது வருஷத்துக்கு முன்னாடி வேற யாரோ விட்ட கழிவு நிலத்தடி நீர்ல எவ்வளவு மிச்சமிருக்குன்னு பாக்கெட்டைப் பார்த்துத் தெரிஞ்சுக்க முடியாது. அதுக்குத் தண்ணியைத்தான் டெஸ்ட் பண்ணணும். இன்னொரு விஷயம், ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள்ள இருக்கிற சின்ன விவசாயி நேரடியா விற்கும்போது, சான்றிதழ் கட்டாயம் இல்ல. முத்திரை இல்லாததாலயே அவர் பொய் சொல்றார்னு நினைச்சுடாதீங்க.

உழவர் சந்தையில வாங்கும்போது கேட்க ரெண்டு கேள்வி போதும். ‘எந்த ஊருண்ணா? கிணத்துப் பாசனமா, ஏரியா, மழையா?’ விளைவிச்சவரே விக்கிறதால அவருக்கு பதில் தெரிஞ்சிருக்கும்.

உடனே ‘பாலாத்துப் பக்கத்துக் காயே வேண்டாம்’னு முடிவுக்கு வந்துடாதீங்க. குரோமியத்தைப் பயிர் பெரும்பாலும் வேர்லயே தேக்கிவெச்சுக்கும். காய்க்கு ஏறுறது ரொம்பக் கம்மி. அதனால கத்திரி, வெண்டை, அவரை வாங்க யோசிக்கவே வேண்டாம். முள்ளங்கி, கேரட், கீரைக்கு மட்டும் தண்ணி எங்கேருந்துன்னு கொஞ்சம் விசாரிச்சு வாங்கலாம். நிலத்தை இழந்த விவசாயியைச் சந்தையிலயும் ஒதுக்கிட்டா, அவருக்கு அது ரெண்டாவது தண்டனை.

மஞ்சள் உப்புத் தண்ணியில காயைக் கழுவினா மேல இருக்கிற மண்ணும், கொஞ்சம் மருந்தும் போகும். உள்ளே ஏறினது போகாது. சமையல் தண்ணியைக் கொதிக்கவெச்சா கிருமி சாகும். ஆனா உப்பு போகாது, தண்ணி வத்துறதால இன்னும் கெட்டியாதான் ஆகும். குடிநீர்ல டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேற வழியே இல்லன்னா 2,000 வரைன்னு இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது. குரோமியத்துக்கு வரம்பு 0.05 மில்லிகிராம். ஆன்லைன்ல வாங்குற பேனா மாதிரி மீட்டர் டி.டி.எஸ் மட்டும்தான் காட்டும், குரோமியத்தைக் காட்டாது. போர் தண்ணியில சமைக்கிறவங்க, மாவட்டத்துல இருக்கிற குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துல கட்டணம் கட்டி ஒரு தடவை டெஸ்ட் பண்ணிடுங்க.

மலையிலிருந்து சாமை

வாணியம்பாடியிலேருந்து ஆலங்காயம் வழியா ஏறினா ஜவ்வாது மலை. காவலூர் வானாய்வகத்துக்குப் போற அதே ரோடுதான். அங்கே மழையை நம்பி சாமை போடுறாங்க. ஆலைகள் எல்லாம் கீழே பள்ளத்தாக்குல இருக்கிறதால, அந்தக் கழிவு மலைக்கு ஏற வழியில்ல. சாமை வாங்கும்போது பளிச்சுன்னு வெள்ளையா இருக்கிறதைத் தவிர்த்துடுங்க. உமி நீக்கின பிறகும் தீட்டினாதான் அந்த வெள்ளை வரும், நார்ச்சத்து தவிட்டோட போயிடும். லேசான பழுப்புல இருக்கிறதே நல்லது. ஆனா தவிட்டுல எண்ணெய் இருக்கிறதால சீக்கிரம் சிக்கு வாடை வரும். அரைக்கிலோ, ஒரு கிலோன்னு வாங்கி ஃப்ரிட்ஜ்ல வைங்க.

இதுல ஆம்பூர் ஸ்டைல் குஸ்கா பண்ணலாம். ஒரு கப் சாமையை 20 நிமிஷம் ஊறவைங்க. ஆறேழு காய்ந்த மிளகாயை வெந்நீர்ல ஊறவெச்சு அரைச்சுக்கங்க. ரெண்டு ஸ்பூன் எண்ணெய்ல பட்டை, கிராம்பு, ஏலக்காய், வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, அப்புறம் மிளகாய் விழுது. பச்சை வாசனை போனதும் தக்காளி, ரெண்டு ஸ்பூன் தயிர், புதினா, மல்லித்தழை, உப்பு. ரெண்டு கப் தண்ணி கொதிச்சதும் சாமையைப் போட்டு, தீயைக் குறைச்சு மூடி, 10-12 நிமிஷம். அடுப்பை அணைச்சு இன்னும் பத்து நிமிஷம் திறக்காதீங்க, அவசரப்பட்டுக் கிளறினா களியாயிடும்!

தொட்டுக்க, கிடைச்சா வேலூர் மாவட்டம் இலவம்பாடி முள் கத்திரிக்காய் வாங்குங்க. 2023-ல புவிசார் குறியீடு கிடைச்ச காய் அது. (புவிசார் குறியீடு ஊரைத்தான் உறுதிப்படுத்தும், இயற்கை விவசாயமான்னு சொல்லாது.) நாலா கீறி, மூணு ஸ்பூன் எண்ணெய்ல மூடிபோட்டு வேகவிடுங்க. அதுலயே வெந்துடும், எண்ணெய்ல மிதக்கவேண்டியதில்ல. வறுத்த வேர்க்கடலை, எள் பொடியைப் புளிக்கரைசல்ல கலந்து ஊத்தி, சுண்டினதும் இறக்கிடுங்க.