வாய்வழி மருந்தளவு

வாய்வழி மருந்தளவு என்பது வாய் வழியாக உட்கொள்ளப்படும் ஒரு மருந்தின் ஒரு வேளைக்குரிய அளவைக் குறிக்கும். மாத்திரையாயின் எண்ணிக்கையிலும், நீர்ம மருந்தாயின் மில்லிலீட்டரிலும் இது கூறப்படுகிறது. ஆனால் உடலில் வினைபுரிவது மாத்திரையோ கரைசலோ அன்று. அதனுள் அடங்கியுள்ள மருந்துப்பொருளே. எனவே மருந்தளவு முதலில் மில்லிகிராமில் கணிக்கப்பட்டு, பின்னரே மாத்திரையாகவோ மில்லிலீட்டராகவோ மாற்றப்படுகிறது.

வடிவங்கள்

திண்ம வடிவங்களுள் மாத்திரையும் (இலங்கையில் குளிசை) காப்சூலும் முதன்மையானவை. நடுவே பிளவுக்கோடு உள்ள மாத்திரைகள் பெரும்பாலும் இரண்டாக உடைத்து உண்ணத்தக்கவை. இரைப்பை அமிலத்தில் கரையாத பூச்சுடைய மாத்திரைகளையும், மருந்தைப் பல மணி நேரம் சிறிது சிறிதாக வெளியிடும் மாத்திரைகளையும் பொடியாக்குதல் கூடாது. பின்னதைப் பொடித்தால் ஒரு நாளுக்குரிய மருந்து முழுவதும் ஒரே நேரத்தில் குருதியில் கலக்கக்கூடும்.

நீர்ம வடிவங்களுள் சிரப் என்பது மருந்து முற்றிலும் கரைந்துள்ள சர்க்கரைப் பாகு ஆகும். தொங்கல் நீர்மத்தில் மருந்துத் துகள்கள் கரையாமல் மிதக்கின்றன. அவை நாளடைவில் அடியில் படியும். குலுக்காமல் ஊற்றினால் முதல் வேளைகளில் மருந்து குறைந்தும், கடைசி வேளைகளில் மிகுந்தும் கிடைக்கும். அமாக்சிசிலின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் உலர்தூளாகவும் விற்கப்படுகின்றன. கொதித்து ஆறிய நீரைப் புட்டியின் குறி வரை சேர்த்துக் கலக்க வேண்டும். நீர் கூடினாலும் குறைந்தாலும் செறிவு மாறிவிடும்.

கணிக்கும் முறை

தேவையான மில்லிகிராமை, புட்டியில் குறிப்பிட்டுள்ள மில்லிகிராமால் வகுத்து, அதற்குரிய கனவளவால் பெருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 12 கிலோகிராம் எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சலுக்காகப் பாராசிட்டமால் தரவேண்டும் எனக் கொள்வோம். ஒரு வேளைக்கு ஒரு கிலோகிராம் எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது வழக்கம். 15 எனக் கொண்டால் 12 × 15 = 180 மில்லிகிராம். இந்தியாவில் 5 மில்லிலீட்டருக்கு 120 மில்லிகிராம் கொண்ட சிரப்பும், 250 மில்லிகிராம் கொண்ட நீர்மமும் கிடைக்கின்றன.

180 ÷ 120 × 5 = 7.5 மில்லிலீட்டர்
180 ÷ 250 × 5 = 3.6 மில்லிலீட்டர்

கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரு மில்லிலீட்டரிலேயே 100 மில்லிகிராம் இருப்பதுண்டு, அதில் 1.8 மில்லிலீட்டரே போதும். சிரப் என நினைத்துச் சொட்டு மருந்தை 7.5 மில்லிலீட்டர் புகட்டினால் 750 மில்லிகிராம் உட்செல்லும். இது தேவையைவிட நான்கு மடங்குக்கும் மேல். தொடர்ந்து இவ்வாறு கொடுத்தால் கல்லீரல் பழுதடையும். இத்தகைய குழப்பத்தைத் தவிர்க்கவே அமெரிக்காவில் 2011இல் உற்பத்தியாளர்கள் செறிவுமிக்க சொட்டு மருந்தைக் கைவிட்டு, குழந்தைகளுக்கான பாராசிட்டமால் நீர்மங்களை 5 மில்லிலீட்டருக்கு 160 மில்லிகிராம் என ஒரே செறிவில் அமைக்க முன்வந்தனர்.

முற்காலத்தில் யங் விதி பயன்பட்டது. குழந்தையின் வயதை, வயதுடன் 12 கூட்டிய தொகையால் வகுத்து, வளர்ந்தோர் அளவால் பெருக்குவர். இதன்படி 4 வயதுக் குழந்தைக்கு வளர்ந்தோர் அளவில் கால் பங்கு. ஒரே வயதுக் குழந்தைகள் எடையில் பெரிதும் வேறுபடுவதால் இன்று எடையே அடிப்படையாகிறது. எடை எவ்வளவாயினும் வளர்ந்தோருக்குரிய அளவைத் தாண்டுவதில்லை.

அலகுகளும் பிழைகளும்

மில்லிகிராமும் மைக்ரோகிராமும் 1000 மடங்கு வேறுபட்டவை. தைராய்டு குறைபாட்டுக்கான லெவோதைராக்சின் 50 மைக்ரோகிராம் என்பது 0.05 மில்லிகிராம் ஆகும். பதின்மப் புள்ளி தெளிவின்றி எழுதப்பட்டால் 1.0 என்பது 10 ஆகவும், பூச்சியமின்றி எழுதப்பட்ட .5 என்பது 5 ஆகவும் படிக்கப்படும். ஆதலால் 1 என்றும் 0.5 என்றும் எழுதுவதே முறை.

தேக்கரண்டி என்பது 5 மில்லிலீட்டர், மேசைக்கரண்டி 15 மில்லிலீட்டர் எனக் கொள்ளப்பட்டாலும், சமையலறைக் கரண்டிகள் இவ்வளவுகளுக்குக் கட்டுப்படுவதில்லை. மருந்துடன் வரும் அளவுமூடியைச் சமதளத்தில் வைத்துக் கண்மட்டத்தில் பார்க்கவேண்டும். 5 மில்லிலீட்டருக்குக் குறைந்த அளவுகளுக்கு ஊசியற்ற வாய்வழிப் பீச்சுக்குழல் மூடியைவிடத் துல்லியமானது.