தையல்காரி சொன்ன குடும்பக் கதையும் நான்கு புரதங்களும்

1895இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நோயியல் படிப்பித்துக்கொண்டிருந்த ஓல்ட்ரெட் வார்தின் என்ற வைத்தியரிடம், உடுப்புத் தைத்துப் பிழைத்த போலின் குரோஸ் என்ற இளம்பெண் ஒரு விசயம் சொன்னார். தன் குடும்பத்தில் ஆளுக்கு ஆள் வயிற்றிலோ குடலிலோ கருப்பையிலோ கென்சர் வந்துதான் போகிறார்கள், தானும் அப்படித்தான் சீக்கிரம் போவேன் என்று. அவர் அப்போது நோயாளி கூட இல்லை. வார்தின் இதைத் தட்டிக்கழிக்காமல், அந்தப் பெண்ணை உட்காரவைத்து யார் யாருக்கு என்ன வருத்தம், எந்த வயதில் மௌத்து என்று ஒரு குடும்ப மரமே வரைந்தார். 1913இல் அதை வெளியிட்டார். ஜெர்மனியிலிருந்து குடியேறிய அந்தக் குடும்பத்தை வைத்திய நூல்கள் இன்றும் 'ஜி குடும்பம்' என்றுதான் சொல்கின்றன. போலின் சொன்னது பலித்தது. 1919இல் கருப்பைப் புற்றுநோயில் இறந்தார்.

பெருங்குடல் புற்றுநோய்க்காரர் ஒருவரின் வீட்டார் வைத்தியரிடம் கேட்கிற முதல் கேள்வி, 'எவ்வளவு காலம்?' என்பதுதான். அந்தக் கேள்விக்கு இழையத்திலிருந்து பதில் தேடிய வரலாற்றைத்தான் இங்க எழுதப்போறோம். அதன் ஒரு நுனி இந்தத் தையல்காரியிடம் இருக்குது.

இன்னொரு நுனி லண்டனில். 1932இல் சென் மார்க்ஸ் ஆஸ்பத்திரியின் நோயியலாளர் கத்பர்ட் டியூக்ஸ், வெட்டி எடுத்த மலக்குடல் கட்டிகளை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்தார். குடல் சுவருக்குள்ளேயே நின்றால் ஏ, சுவரைத் தாண்டினால் பி, நிணநீர்க் கணுக்களுக்குப் போய்விட்டால் சி. அவ்வளவுதான். இன்றைய 'ஸ்டேஜ்' கணக்கின் அடி இதுதான். ஆனால் ஒரே பிரிவில் இருந்த இரண்டு பேரில் ஒருவர் பேரப்பிள்ளை காணும்வரை வாழ, மற்றவர் இரண்டு வருசத்தில் போவது ஏன் என்று இந்தக் கணக்கால் சொல்ல முடியவில்லை. அது கட்டி எங்கே நிற்கிறது என்று சொல்லும். அது எப்படிப்பட்ட கட்டி என்று சொல்லாது.

அதைப் பார்க்க இழையத்துக்குள் போக வேண்டும். மருதமுனைத் தறியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இழையம் என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. ஐரோப்பிய மொழிகளிலும் அந்தச் சொல் நெசவிலிருந்துதான் போயிருக்கிறது. சாயமும் அப்படித்தான். நுண்ணோக்கியின் கீழ் கலங்களின் கருவை நீலமாக்குகிற ஹீமடொக்சிலின், துணிக்குச் சாயம் போட மெக்சிக்கோப் பக்கத்திலிருந்து கப்பலேற்றிய ஒரு மரத்தின் சாறு. வெட்டிய துண்டைப் போமலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, மயிரைவிட மெல்லிசாகச் சீவி, இந்தச் சாயத்தைப் போட்டுப் பார்ப்பார்கள். அந்த மெழுகுக் கட்டி பல வருசம் கெடாது. இது பிறகு பெரிய உதவியானது.

சாயம் கலத்தின் உருவத்தைக் காட்டும், உள்ளே எந்தப் புரதம் இருக்கிறது என்று காட்டாது. அதற்கு 1941இல் அல்பர்ட் கூன்ஸ் ஒரு வழி கண்டார். ஏ லெவல் உயிரியலில் படிக்கிற பிறபொருளெதிரி இருக்கிறதே, அது ஒரு குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் போய் ஒட்டும். அதன் வாலில் ஒளிரும் சாயத்தைக் கட்டி அனுப்பினால், புரதம் இருக்கிற இடம் மின்னும். 1975க்குப் பிறகு ஒரே மாதிரியான பிறபொருளெதிரிகளை வேண்டிய அளவு தயாரிக்கவும் முடிந்தது. புரதங்களை ஒவ்வொன்றாகத் தேடும் காலம் வந்தது. தேடியவற்றில் கனக்கப் புரதங்கள் ஆய்வுக் கட்டுரைகளோடு நின்றுபோயின. பெருங்குடலைப் பொறுத்தவரை உண்மையாகவே நிலைத்தவை சில. அதில் நான்கு, ஜி குடும்பத்தின் கதையோடு வருகின்றன.

வார்தினுக்குப் பிறகு அந்தக் கதை பெரும்பாலும் மறக்கப்பட்டுக் கிடந்தது. (வார்தின் 'நல்ல பரம்பரை' பேசிய யூஜெனிக்ஸ்காரர் என்பதையும் சொல்ல வேண்டும். குடும்பத்தை மதித்துக் கேட்ட அதே ஆள், அவர்களைக் குறைப்பட்ட வம்சமாகவும் பார்த்தார்.) 1960களில் நெப்ராஸ்காவில் ஹென்றி லிஞ்ச் என்ற வைத்தியர் ஒரு குடிகாரரைச் சந்தித்தார். என் குடும்பத்தில் எல்லாரும் கென்சரில் போகிறார்கள், நானும் போவேன், அதனால் குடிக்கிறேன் என்றார் அந்த ஆள். திரும்பவும் ஒரு குடும்பக் கதை, திரும்பவும் கேட்டு எழுதிய ஒரு வைத்தியர். கென்சர் பரம்பரையாக வரும் என்பதைப் பலர் நம்பவில்லை, லிஞ்ச் கேட்ட ஆய்வுப் பணமும் மறுக்கப்பட்டது. அவர் விடவில்லை. 1993இல் எம்எஸ்எச்2, அடுத்த வருசம் எம்எல்எச்1 என்ற பரம்பரையலகுகள் பிடிபட்டன. பிறகு எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 ஆகியவையும் சேர்ந்தன. 2000இல் போலினின் குடும்பத்திலேயே எம்எஸ்எச்2 பிழை கண்டுபிடிக்கப்பட்டது. அவர் சொல்லி 105 வருசம் கழித்து.

இந்த நான்கு புரதங்களும் கலத்தின் புரூஃப் ரீடர்கள். டிஎன்ஏ பிரதியாகும்போது விழுகிற எழுத்துப் பிழைகளைத் திருத்துவது இவற்றின் வேலை. கட்டியில் இவற்றில் ஒன்று இல்லாவிட்டால், ஸ்லைட்டில் பக்கத்திலுள்ள நல்ல கலங்களின் கரு மண்ணிறமாகவும் புற்றுநோய்க் கலங்களின் கரு வெறும் நீலமாகவும் தெரியும். இங்க புரதம் இல்லாமல் போனதுதான் அடையாளம்.

பெருங்குடல் புற்றுநோய்களில் கிட்டத்தட்ட 15 சதவீதம் இப்படியானவை. பரம்பரையாக வருவது சுமார் 3 சதவீதம்தான். மிச்சத்தில் பெரும்பாலானவை எம்எல்எச்1 தானாக அணைந்துபோனவை. பிழைகள் நிறைந்த கட்டி மோசமானதாகத்தான் இருக்கும் என்று எவரும் நினைப்போம். நடப்பது தலைகீழ். பிழையான புரதங்களை உடலின் நிர்ப்பீடனம் அந்நியமாகக் கண்டு சூழ்ந்துகொள்கிறது. இரண்டாம் ஸ்டேஜில் இவர்களுக்கு எதிர்காலம் மற்றவர்களைவிட நன்றாகவே இருக்கிறது. புளோரோயுராசில் மருந்தை மட்டும் கொடுப்பதில் இவர்களுக்குப் பெரிய பிரயோசனம் இல்லை என்று 2003இல் ஒரு முக்கியமான ஆய்வு காட்டியது. நோய் பரவிய பிறகும் நிர்ப்பீடனத்தின் பிரேக்கை அவிழ்த்துவிடும் பெம்ப்ரோலிசுமாப் இவர்களில் பலருக்கு வேலை செய்கிறது என்பது 2015இல் தெரிந்தது. ஆக இந்தப் புரதங்கள் 'எவ்வளவு காலம்?' என்பதோடு நிற்காமல் 'எந்த மருந்து?', 'அடுத்தது யார்?' என்பதற்கும் பதில் சொல்கின்றன.

கல்முனையில் எங்களைத் தொந்தரவு செய்வது அந்தக் கடைசிக் கேள்விதான். இரவு பஸ் ஏறி மஹரகமைக்குப் போய்வருகிற குடும்பங்கள் எல்லா ஊரிலும் இருக்கு. ஆனா ஊருக்குள்ள அது 'அந்த வருத்தம்'. கலியாணம் பேசுற வீட்டில் வாயே திறக்க மாட்டாங்க. பிள்ளைகளுக்குக்கூட 'வயித்துல ஒரு கட்டி' என்பதோடு முடிந்துவிடும். 2004 டிசம்பர் 26இல் கடல் வீட்டை எடுத்தபோது கிளினிக் கொப்பி, ரிப்போட் எல்லாம் சேர்ந்தே போனது. மிஞ்சியது மூத்தம்மாமாரின் ஞாபகம் மட்டும்.

அந்த ஞாபகம் லேசுப்பட்டதில்லை. யார் எந்தக் குடி என்று நாலு தலைமுறை பின்னுக்குப் போய்ச் சொல்லுவாங்க. ஆனால் எங்க கரையில் குடி தாய்வழி. வீடும் மகளுக்கு, மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவார். அதனால் உம்மா பக்கத்துக் கதை நிறைய இருக்கும், வாப்பாவின் பக்கம் வேறு ஊரில் மங்கிப்போயிருக்கும். லிஞ்ச் பிழை குடி பார்க்காது. தாயிடமிருந்தும் வரும், தகப்பனிடமிருந்தும் வரும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வாப்பாவின் காக்காமார், சாச்சாமார், மாமிமார் யாருக்காவது 50 வயதுக்கு முன் குடலிலோ கருப்பையிலோ புற்றுநோய் வந்ததா என்று கேட்டால், எங்களில் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்?

வைத்தியர்கள் அந்த நான்கு புரதச் சோதனைக்குப் போவதற்கு ஒரு காரணமாக இருப்பது இந்தப் பதில்தான். பிழை உறுதியானால் கூடப்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் இரத்தப் பரிசோதனைக்குக் கூப்பிடலாம். பிழை உள்ளவர்களுக்கு ஒன்றிரண்டு வருசத்துக்கு ஒருமுறை குடலைக் கமரா விட்டுப் பார்த்து, கட்டி முற்றுவதற்கு முன்பே வெட்டி எடுக்கலாம். அந்தப் பரிசோதனையை வழமையாகத் தொடங்கச் சொல்வது 20க்கும் 25க்கும் இடைப்பட்ட வயதில். எங்க பெச்சில இருக்கிற எல்லாருக்கும் இப்ப அந்த வயசுதான்.