பாட்டனார் வேட்டையும் பேரன் நோன்பும்

நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், நம் முன்னோரது வேட்டைத் திறத்தைப் பற்றி ஒரு கட்டுரை நம் மாத இதழில் வெளிவரல் வேண்டுமென இளைஞர் சிலர் விரும்பினர். செயலாளர் அவர்கள் அப்பணியை என்பால் ஒப்புவித்தனர். எழுதத் தொடங்கிய காலத்தே எம் குடும்பத்தில் எழுந்ததொரு பிணக்கு இக்கட்டுரையின் போக்கையே மாற்றிவிட்டது. ஆகலின் அதனை முதற்கண் கூறிப் பின்னர் வரலாற்றுக்கு வருவேன். அன்பர்கள் பொறுத்தருள்க.

எம் பாட்டனார் கொல்லிமலைச் சாரலில் பெயர்பெற்ற வேட்டைக்காரர். 1994-ஆம் ஆண்டில் அவர் இறைவனடி சேர்ந்தார். அவருடைய முப்பதாம் ஆண்டு நினைவு நாளை உறவினர் அனைவரும் கூடி நடத்தக் கருதியபொழுது, என் சிறிய தந்தையார், “மான்கறி இல்லாத படையல் அவருக்குப் படையலாகுமா? தம் தந்தையின் திதிதோறும் அவர் மான் அடித்துப் படைத்தாரே; விளக்குப் பிடித்துக்கொண்டு நானும் உடன் சென்றிருக்கிறேனே. அவருக்கு நாம் ஒருமுறையேனும் அதைச் செய்யலாகாதா?” என்றார். யான் மறுத்தேன். “நாலு எழுத்துப் படித்ததும் பெரியவரை மறந்துவிட்டாய், தம்பி” என்று சொல்லி அவர் எழுந்து போய்விட்டார். அப்பாட்டனாரின் தோளிலேயே வளர்ந்தவன் யான். மறந்தேனா என்னும் வினா பல நாள் என் உறக்கத்தைக் கெடுத்தது. விடை தேடியே பழைய நூல்களைப் புரட்டினேன்.

சிறிய தந்தையாரின் விருப்பம் அடிப்படையற்றதன்று. வேட்டைப் புகழ் தமிழர்க்குப் பழம்புகழே. கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி எய்த அம்பு ஒன்றே யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் உடும்பையும் ஒருங்கே வீழ்த்தியதென வன்பரணர் புறநானூற்றுள் பாடினார். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடில் காட்டப்படுகின்றது. ஆண்டு மகவு ஈன்ற தாய் தன் குழவியொடு கிடப்பது மான்தோற் படுக்கையில். முற்றத்து விளாமரத்தில் கட்டப்பட்டு நிற்பது பார்வை மான். பார்வை மானென்பது காட்டுமானை அருகில் ஈர்த்தற்பொருட்டு வேடர் பழக்கி வைக்கும் மான். மானின்றி அவர்தம் வாழ்வில்லை என்பது இவற்றால் விளங்கும்.

மூதாதையர் நினைவும் வேட்டையும் ஒருங்கியைதலும் நம் நாட்டில் புதிதன்று. மதுரை, சிவகங்கை, திண்டுக்கல் பகுதிகளில் மகா சிவராத்திரியை ஒட்டிக் குலதெய்வ வழிபாட்டின்பொருட்டு ஊரார் திரண்டு முயல் வேட்டைக்குச் சென்றமையும், வனத்துறையார் அதனைத் தடுத்து வருதலும் யாவரும் அறிந்தன. குலதெய்வமாவது பெரும்பாலும் பண்டு நம்மிடையே வாழ்ந்து மறைந்த முன்னோரே அன்றோ? ஆகவே இறந்த பெரியவர்க்கு வேட்டையாடிப் படைத்தல் என்பது அன்பினால் எழுந்த வழக்கமே. அதனை இகழ்தல் முறையன்று.

நிற்க. அப்பழம்பாட்டுக்களிலேயே வேறொரு காட்சியும் உண்டு. புறநானூற்று 320-ஆம் பாட்டில் வேட்டுவன் ஒருவன் களைத்து உறங்குகின்றான். அவன் வளர்த்த பார்வைப் பிணையை நாடிக் காட்டிலிருந்து ஒரு கலைமான் வந்து, அதனொடு கூடி விளையாடுகின்றது. கணவனை எழுப்பினால் அன்றைய உணவு எளிதிற் கிட்டும். ஆயினும் மனைவி எழுப்பினாளில்லை. கணவன் விழித்துவிடுவானோ என்றும், கலை பிணையைப் பிரிந்து ஓடிவிடுமோ என்றும் அஞ்சி, ஓசை செய்யாது அடங்கியிருக்கின்றாள். மான்தோலிற் காய வைத்த தினையைக் காட்டுக்கோழி வந்து தின்னவும், அதனை அவள் ஓச்சவில்லை. வேட்டுவக் குடியின் பெருமையை அப்புலவர் வில்லில் வைத்துக் காட்டாது, அவ்வில்லாளின் அடக்கத்தில் வைத்துக் காட்டினார். வேட்டைத் திறம் பேசும் நாம் இதனையும் பேசல் வேண்டும்.

நடுகற்களை நோக்கினும் இவ்வுண்மை புலனாம். நிரை மீட்டு இறந்த மறவர்க்கும், புலியொடும் பன்றியொடும் பொருது மாய்ந்தவர்க்கும் நம் முன்னோர் கல் நட்டனர். பிறரைக் காக்கத் தன்னுயிரைத் துறந்தமையே ஆண்டுச் சிறப்பெய்தியது. அஞ்சி ஓடும் மானைக் கொன்றமைக்காக நட்ட கல் ஒன்றையும் யான் கண்டிலேன்.

இனி வடநாட்டு வரலாற்றுக்கு வருவோம். பாட்டனும் பேரனுமாகிய இரு பேரரசரைக் காண்போம். கி.மு. 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட சந்திரகுப்த மௌரியன் வேட்டைக்கு எழும்பொழுது படைக்கலம் ஏந்திய மகளிர் அவனைச் சூழ்ந்து சென்றனரென அவன் அவைக்கண் இருந்த கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ் குறித்தனர். அவன் பேரனே அசோகன். அரசர் வேட்டை முதலிய களிப்புகளுக்காகச் செல்லும் பயணங்களை விடுத்துத் தான் அறப்பயணம் மேற்கொண்டதாக அவன் தன் எட்டாம் பாறைக் கல்வெட்டிற் பொறித்தான். முன்னர் அரண்மனை அடுக்களையில் நாடோறும் பல நூறாயிரம் உயிர்கள் கொல்லப்பட்டன என்றும், கல்வெட்டெழுதிய காலத்தில் இரண்டு மயிலும் ஒரு மானுமே கொல்லப்பட்டன என்றும், அம்மானும் எந்நாளும் கொல்லப்படுவதில்லை என்றும், இனி அம்மூன்றும் கொல்லப்படா என்றும் முதற் கல்வெட்டுக் கூறும். சோழர் பாண்டியரை அண்டை நாட்டாராகக் குறிப்பதும் அவ்வரிசைக் கல்வெட்டுக்களே. பாட்டன் நிறுவிய அரசைப் பேரன் கைவிட்டானில்லை. பாட்டன் ஆடிய வேட்டையையே கைவிட்டான். அதனால் அசோகன் குலத்தை மறந்தவன் என்று உலகம் கூறிற்றா?

மொகலாய மன்னர் வரலாறு இதனினும் நுட்பமானது. அக்பரின் தேவியார் கருவுற்றிருந்த காலத்து, ஒரு வெள்ளிக்கிழமை வயிற்றுப் பிள்ளையின் அசைவு நின்றுவிட்டது. சிவிங்கிப்புலிகளை ஏவி வேட்டையாடிக்கொண்டிருந்த அக்பர் அதனைக் கேட்டு, பிள்ளை பிழைக்குமாயின் இனி வெள்ளிக்கிழமைகளில் அவ்வேட்டை ஆடுவதில்லை என்று நேர்ந்துகொண்டார். 1569-இல் பிறந்த அப்பிள்ளையே ஜகாங்கீர். தந்தை அந்நோன்பை வாழ்நாள் முழுதும் காத்தாரென்றும், தானும் அவ்வழி நின்றதாகவும் ஜகாங்கீர் தன் வரலாற்று நூலில் எழுதியுள்ளான். மைந்தன் தந்தையின் நினைவாகக் கொண்டது அவருடைய வேட்டையை அன்று. அவர் வேட்டையாடாத அந்நாளை.

அவன் வேட்டையில் விருப்பம் குறைந்தவனல்லன். பன்னிரண்டாம் வயதுமுதல் ஐம்பதாம் வயதுவரை தன் முன்னிலையில் வீழ்ந்த விலங்கும் பறவையும் 28,532 என்றும், அவற்றுள் தன் கையால் வீழ்ந்தவை 17,167 என்றும் கணக்கெழுதி வைத்தவன். அத்தகையோன், தான் பழக்கிய மன்சராஜ் என்னும் மான் இறந்தபொழுது, லாகூருக்கு அணித்தாகிய சேக்குபுராவில் அதற்கு நினைவுத்தூண் எழுப்பி, அச்சூழலில் மான் வேட்டையைத் தடுத்தான். காட்டுமான்களைப் பிடித்தற்குப் பயன்பட்ட மானே அம்மன்சராஜ். நம் நூல்கள் கூறும் பார்வை மானை ஒத்தது. பின்னர்த் தன் அருமைப் பேரன் ஷூஜா கொடுநோயுற்றபொழுது, இனித் தன் கையால் எவ்வுயிரையும் ஊறு செய்வதில்லை என்று ஜகாங்கீர் நேர்ந்துகொண்டான். குழந்தை பிழைத்தது. சில ஆண்டுகள் அவன் அந்நோன்பைக் காத்தான். 1622-இல் மகன் குர்ரம் கலகம் விளைத்த பின்னர் மீண்டும் துப்பாக்கி எடுத்தான் என்பதையும் மறைத்தல் கூடாது. நோன்பு எளிதன்று. ஆயினும் பாட்டன் ஒருவன் பேரனுக்குத் தரத்தக்க மிக உயர்ந்த பொருளாக அவனுக்குத் தோன்றியது அந்நோன்பே.

நம் நாட்டின் பிற்கால நிலையும் அறியத்தக்கது. ஆங்கிலேயர் ஆட்சியில் 1879-ஆம் ஆண்டு நீலகிரிக்கென வேட்டைக் காப்புச் சட்டமும், 1882-இல் சென்னை வனச் சட்டமும் பிறந்தன. துப்பாக்கி பெருகியது, காடு குறைந்தது, மான் அருகியது. வெளிமானைக் காக்கக் கோடியக்கரையில் 1967-இல் சரணாலயம் அமைக்க நேர்ந்தது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைப் பெரிதும் ஒடுக்கியது. எஞ்சியிருந்த உரிமச்சீட்டு முறையும் 1991-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஒழிந்தது. இன்று மான் வேட்டை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். ஆயினும் சட்டத்திற்கு அஞ்சி விடுதல் வேறு. உணர்ந்து விடுதல் வேறு.

எம் பாட்டனார் 1972-க்குப் பின் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டார். அதனை மாட்டிய ஆணி இன்றும் எம் திண்ணைச் சுவரில் உள்ளது. 1990-ஆம் ஆண்டில், யான் பத்து வயதுச் சிறுவனாய் இருந்தபொழுது, “வா ஐயா, மான் காட்டுகிறேன்” என்று என்னைச் சாரற் காட்டிற்கு அழைத்துச் சென்றார். தாம் இளமையில் மந்தை மந்தையாய்ப் புள்ளிமான் கண்ட இடங்களையெல்லாம் காட்டிக்கொண்டே நடந்தார். உச்சிப்பொழுதுவரை நடந்தோம். ஒரு குளம்படியும் காணவில்லை. ஒரு பாறைமேல் அமர்ந்து நெடுநேரம் வாளாவிருந்தார். பின்னர், “உனக்கு ஒன்றாவது விட்டு வைத்திருக்கலாம்” என்றார். வீடு திரும்புமளவும் வேறொன்றும் பேசவில்லை.

சிறிய தந்தையாரிடம் சென்று இதனைக் கூறினேன். அவர் அதுவரை இதனைக் கேட்டிலர். மறுமொழி ஒன்றும் சொல்லவில்லை. நினைவு நாளன்று தினைமாவும் தேனும் படைத்தோம். அவர் வந்தார், எல்லோருடனும் இலையில் அமர்ந்து உண்டார், சினம் முற்றும் தணிந்ததென்று யான் துணிந்து கூற இயலாது. புறப்படும்பொழுது திண்ணைச் சுவரின் ஆணியைச் சற்று நேரம் நோக்கி நின்றார்.

அன்பர்களே! முன்னோரைப் போற்றுதல் நம் கடமை. அவர் செய்ததை மீளச் செய்தல் ஒருவகைப் போற்றுதல். அவர் செய்ய விரும்பிக் காலம் தாழ்ந்தமையாற் செய்யாது போனதைச் செய்து முடித்தல் மற்றொரு வகை. எம் பாட்டனார் எனக்குக் காட்ட இயலாத மானை, நம் பேரர்க்கு நாம் காட்டுதல் கூடுமாயின், அதுவே அவருக்கு நாம் இடும் படையல்.