மைசூரின் பழைய வீடுகளும் ஈட்டிமரச் சாமான்களும்: வயதறியும் முறை

மைசூரின் பழைய வீடுகள், அவற்றில் புழங்கிய ஈட்டிமர மேசை, நாற்காலி, பெட்டிகள் ஆகியவற்றின் காலத்தையும் பாணியையும் கட்டுமானப் பொருள், மூட்டு, கருவித் தடம் கொண்டு கணிப்பதே இம்முறை. ஈட்டிக்குத் தமிழில் தோதகத்தி என்றும் பெயர், கன்னடத்தில் பீட்டே.

ஈட்டியில் தந்தம் பதிக்கும் வேலை இங்கு எப்படி வேரூன்றியது என்பதில் கருத்தொற்றுமை இல்லை. பாரசீகத் தொடர்பால் வந்தது என்பர் ஒரு சாரார். உள்ளூர்த் தச்சுமரபே மைசூரை ஆண்ட உடையார்களின் ஆதரவில் செழித்தது என்பர் மற்றவர். 19-ஆம் நூற்றாண்டுக்கு 1861-இல் எழுந்த ஜகன்மோகன் அரண்மனை ஒரு சான்று.

தெளிவான காலம் 1897-இல் தொடங்குகிறது. அவ்வாண்டு அரச குடும்பத் திருமணத்தின்போது பழைய மர அரண்மனை எரிந்தது. ஹென்றி இர்வின் வடிவமைத்த புதிய அரண்மனை 1912-இல் முடிந்தது. அதன் அம்பாவிலாச மண்டபத்தில் தந்தம் பதித்த ஈட்டிக் கதவு இருக்கிறது. இவ்வேலையின் உச்சத்தைக் காண விரும்புவோர் முதலில் அங்கே நிற்கலாம். அதே ஆண்டுகளில் பிளேக் நோய் பரவியதால் நெரிசலைக் குறைக்க 1903-இல் நகர மேம்பாட்டுக் கழகம் அமைந்தது. லட்சுமிபுரம் போன்ற குடியிருப்புகள் இக்காலத்தவை.

நடுமுற்றத்தைச் சுற்றி மரத்தூண்கள் நிற்கும் தொட்டி வீடும், தேக்கு விட்டத்தின்மேல் செங்கல்லைச் சுண்ணாம்புக் காரையில் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரையும் கான்கிரீட்டுக்கு முந்தைய அடையாளங்கள். மங்களூர் ஓட்டின் உட்புறத்தில் ஆலை முத்திரை இருக்கும். மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பின் ஓட்டாலை 1865-இல் தொடங்கியதால், இவ்வோடு வேய்ந்த கூரை அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. ஆனால் ஓடு மாற்றப்படுவது வழக்கம்; சுவர் அதைவிட மூத்ததாக இருக்கலாம். நகரில் மின்விளக்கு எரிந்தது 1908-இல். மரச்சட்டத்துக்குள் ஓடும் மின்கம்பியும் பீங்கான் சுவிட்சும் அதற்குப் பிந்தியவை.

மரச்சாமானில் பார்க்க வேண்டியது முகப்பை அல்ல, அடிப்பகுதியை. இழுப்பறையை வெளியே உருவிக் கவிழ்த்து, விரல் நுனியால் தடவினால் கை இழைப்புளி விட்டுச்சென்ற மெல்லிய அலைகள் தட்டுப்படும். எந்திரம் இழைத்த பலகை சமமாக வழுக்கும். கைவாள் தடம் நேர்க்கோடு; வட்டரம்பத் தடம் வில்லாக வளையும். கையால் வெட்டிய, புறா வால்போல் விரியும் டவ்டெயில் மூட்டுகள் ஒன்றைப்போல் ஒன்று இரா. பழைய திருகாணியின் பள்ளம் பெரும்பாலும் நடுவில் விழாது. வட்டமேசை இன்னும் அழகான சான்று தரும்: மரம் ரேகைக்குக் குறுக்கே சுருங்குவதால், நூறாண்டு கடந்த பலகையைக் குறுக்கும் நெடுக்கும் அளந்தால் இரண்டும் ஒன்றாக வராது.

பதித்த வெள்ளைத் துண்டும் காலம் சொல்லும். தந்தத்தின் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய கோடுகள் தெரியும். எலும்பில் சிறு கரும்புள்ளிகள். 1972 வனவிலங்குச் சட்டத்தின் 1986 திருத்தம் இந்தியத் தந்த வணிகத்தையும், 1991 திருத்தம் ஆப்பிரிக்கத் தந்தத்தையும் நிறுத்தின. அதன்பின் பிளாஸ்டிக்கும், மஞ்சளுக்குப் பலா, கறுப்புக்குக் கருங்காலி போன்ற மரங்களும் பதிக்கப்படுகின்றன. பிளாஸ்டிக் தென்பட்டால் முழுச் சாமானும் புதியது என்று முடிவுகட்டலாகாது. உதிர்ந்த தந்தத்தின் இடத்தை நிரப்பிய பழுதுபார்ப்பாகவும் இருக்கலாம்.

நகரின் வடமேற்கிலுள்ள விஜயநகர் நான்கு ஸ்டேஜ்களாக விரிந்த பிற்காலக் குடியிருப்பு. இங்கு கான்கிரீட் வீடுகளே மிகுதி. இத்தகைய வீட்டில் இடித்த வீட்டின் தூணையோ கதவுநிலையையோ பொருத்தினால், வீட்டின் வயது வேறு, மரத்தின் வயது வேறு. இரண்டையும் தனித்தனியே எழுத வேண்டும். காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் வாங்கும் செட்டிநாட்டுக் கதவுக்கும் இதே விதி.

1972 தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த சாமானைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. மைசூர் ஈட்டிப் பதிப்பு வேலை புவிசார் குறியீடு பெற்றுள்ளது. 2017 முதல் ஈட்டி மரத்தின் பன்னாட்டு வணிகமும் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்டீஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது.