ஒரு வருஷம், இரண்டு நூல்கள்



வருஷக் கடைசியில் படித்த புத்தகங்களைப் பட்டியல் போடும் வழக்கம் சிலருக்கு உண்டு. என் பட்டியல் மிகவும் சிறியது. சென்ற வருஷம் முழுக்க நான் படித்தவை இரண்டே நூல்கள். ஒன்று, பன்னிரண்டு தொகுதிகளாக உள்ள ஆனந்தரங்கப் பிள்ளையின் தினப்படி சேதிக் குறிப்பு. மற்றது, ஏ. டி. மெக்கன்சி என்ற பொறியாளர் ஆங்கிலத்தில் எழுதி 1899ல் வெளிவந்த பெரியாறு திட்டத்தின் வரலாறு. முன்னது நான் வளர்ந்த புதுச்சேரியைப் பற்றியது. பின்னது, ஓய்வு பெற்ற பிறகு மனைவியின் ஊரான சுருளிப்பட்டிக்கு வந்து, நான் தினமும் குடித்துக்கொண்டிருக்கும் தண்ணீரைப் பற்றியது.

இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்ததில் எனக்கு ஒன்று தெளிவானது. அன்றன்று எழுதி வைத்தவர் சொல்லும் வரலாறு ஒரு மாதிரி. எல்லாம் முடிந்தபின் உட்கார்ந்து எழுதினவர் சொல்லும் வரலாறு வேறு மாதிரி. இரண்டும் வேண்டும். ஆனால் நம் பள்ளத்தாக்குக்கு இரண்டாவது மட்டும்தான் கிடைத்திருக்கிறது. முதலாவது இல்லாத இடத்தைக் கதைகள் நிரப்பிவிட்டன. இதைத்தான் இன்று சொல்ல வருகிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக என்னைப் பற்றி நாலு வரி. புதுச்சேரியில் 1954 நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறியது. சட்டப்படி அது முழுமையானது 1962 ஆகஸ்ட் 16ல். அந்தக் காலத்தில் நான் பிரெஞ்சு வழியில் படித்துக்கொண்டிருந்தேன். மேலே கொடி மாறினாலும் வகுப்பில் பாடம் மாறவில்லை. கோல் இனத்தவர், பதினான்காம் லூயி, நெப்போலியன் எல்லாரையும் மனப்பாடம் செய்தோம். கவர்னர் டூப்ளே எங்களுக்கு ஒரு சிலை, ஒரு பெயர், சில தேதிகள். தமிழ் வீட்டில் பேசியது. பத்திரிகை பார்த்து வளர்த்துக்கொண்டது. பிறகு அரசாங்கத்தில் எழுத்தர் வேலை. தபால் பதிவேடு, கோப்பு, நினைவூட்டல் கடிதம் என்று காலம் ஓடிவிட்டது.

அப்படிப்பட்டவனுக்கு ஆனந்தரங்கப் பிள்ளையைத் தமிழில் முழுதாகப் படிக்க எழுபது வயதுக்கு மேல்தான் கொடுத்து வைத்திருந்தது. 2019ல் மு. ராஜேந்திரன், அ. வெண்ணிலா இருவரும் பதிப்பாசிரியர்களாக இருந்து அகநி வெளியீடாகப் பன்னிரண்டு தொகுதிகளையும் கொண்டுவந்தார்கள். மாதம் ஒரு தொகுதி என்று கணக்கு வைத்துக்கொண்டேன். காலையில் இரண்டு மணி நேரம். கண் புரைக்கு அறுவை செய்துகொண்ட மாதம் மட்டும் பேத்தி படித்துக் காட்டினாள்.

பிள்ளை 1709ல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். புதுச்சேரியில் வியாபாரி, பின்னர் பிரெஞ்சுக் கம்பெனிக்குத் தலைமைத் துபாஷி. 1736 செப்டம்பர் 6ஆம் தேதி, நள வருஷம் ஆவணி மாதத்தில் எழுதத் தொடங்கியவர், ஏறக்குறைய இருபத்தைந்து வருஷம் எழுதினார். நம் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு சேதி: மதுரை நாயக்கர் ஆட்சி முடிந்ததாகப் பொதுவாகச் சொல்லப்படும் வருஷமும் அதே 1736தான். கம்பம் பள்ளத்தாக்கு அப்போது அவர்களுக்குக் கீழ்ப்பட்ட பாளையக்காரர்களின் சீமை.

அவர் எழுதியதை அவர் காலத்தில் யாரும் அச்சில் பார்க்கவில்லை. 1846ல் கலுவா மோம்பிரான் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்தார். சென்னை அரசு 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதி போட்டது. தமிழில் எழுதியதை ஆங்கிலத்தில் முழுதாகப் படிக்க முடிந்த காலத்துக்கு வெகுநாள் கழித்துத்தான் தமிழில் முழுதாகப் படிக்க முடிந்தது. பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ நாவல்களைப் படித்தவர்களுக்கு இந்த உலகம் ஓரளவு பழக்கமாக இருக்கும்.

அந்தக் குறிப்பில் என்னதான் இருக்கிறது? கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி போட்டார்கள், சரக்கு என்ன விலை, கவர்னர் இன்று என்ன முகத்தோடு இருந்தார், அவர் மனைவி யாருக்குச் சிபாரிசு செய்தார், யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள். எழுத்தர் வேலை பார்த்தவனுக்கு இதெல்லாம் புதிதல்ல. மேலதிகாரி அறைக்குள் போகும் முன் பியூனிடம், “ஐயா எப்படி இருக்கார்?” என்று கேட்டுக்கொண்டு போனவர்கள்தானே நாம்! பாடப்புத்தகத்தில் சிலையாக நின்ற டூப்ளே, பிள்ளையின் பக்கங்களில் கோபிக்கிறார், சிரிக்கிறார், ஆலோசனை கேட்கிறார்.

முக்கியமான சங்கதி ஒன்று. நாளைக்கு என்ன நடக்கும் என்று பிள்ளைக்குத் தெரியாது. 1746 செப்டம்பரில் லபூர்தொனே சென்னைக் கோட்டையைப் பிடித்தார். அந்தச் சேதி வரும்போது புதுச்சேரியில் ஒரே கொண்டாட்டம். அடுத்த மாதமே புயல் அடித்து அவருடைய கப்பல்கள் நாசமாகும் என்பதோ, பிடித்த ஊரை 1749ல் உடன்படிக்கைப்படி ஆங்கிலேயரிடம் திருப்பிக் கொடுக்க நேரும் என்பதோ அன்றைக்கு எழுதிக்கொண்டிருந்தவருக்கு எப்படித் தெரியும்? நமக்குத் தெரியும். தெரிந்துகொண்டு படிக்கும்போது அந்தச் சந்தோஷம் நெஞ்சில் தைக்கிறது.

1743ல் ஆட்களை ஏமாற்றிப் பிடித்து அடிமைகளாகக் கப்பலேற்றியதையும் குறித்திருக்கிறார். 1748ல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டதை மன வேதனையோடு எழுதியிருக்கிறார். இவை எதுவும் எங்கள் பள்ளிப் பாடத்தில் கிடையாது. அதற்காக அவர் எழுதியதெல்லாம் வேதவாக்கு என்றும் சொல்லமாட்டேன். அவர் வியாபாரி. தனக்குக் கிடைத்த மரியாதையை ஒன்று விடாமல் எழுதுவார். எதிராளியின் குறையையும் அப்படியே. ஆனால் நாள்தோறும் எழுதுகிறவரால் எல்லாவற்றையும் முன்கூட்டியே ஜோடிக்க முடியாது. நேற்று எழுதியது இன்று காட்டிக்கொடுத்துவிடும்.

அவர் 1761 ஜனவரி 12ல் காலமானார். நான்கு நாள் கழித்து, 16ஆம் தேதி புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. பிறகு ஊரையே இடித்துத் தள்ளினார்கள். அந்த முடிவு குறிப்பில் இல்லை. முடிவுரையும் இல்லை, தீர்ப்பும் இல்லை. பன்னிரண்டாம் தொகுதியை மூடியபோது, ஒரு மனிதரோடு இருபத்தைந்து வருஷம் இருந்துவிட்டு வழியனுப்பியது போல இருந்தது.

இனி மெக்கன்சிக்கு வருகிறேன். அவர் அணை வேலையில் இருந்த பொறியாளர். வேலை முடிந்து நான்கு வருஷம் கழித்து வந்த நூல் இது. இணையத்தில் இருந்த பிரதியை என் பையன் தாளில் எடுத்துக் கொடுத்தான். இந்த நூலையும் வேறு சில அரசு ஆவணங்களையும் வைத்துக்கொண்டு நான் தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன்.

1798ல் இராமநாதபுரம் சேதுபதியின் மந்திரி முத்திருளப்ப பிள்ளை, மேற்கே ஓடும் தண்ணீரைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று பார்த்துவர ஆட்களை அனுப்பினார். 1808ல் கேப்டன் கால்டுவெல் வந்து பார்த்து, நடக்காத காரியம் என்று ஒதுக்கிவிட்டார். 1867ல் மேஜர் ரைவ்ஸ் மண் அணை ஒன்றுக்குத் திட்டம் கொடுத்தார். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வந்து ஜனங்களை வாரிக்கொண்டு போனது. அதன் பிறகுதான் அரசாங்கத்துக்குச் சுறுசுறுப்பு வந்தது. 1882ல் பென்னிகுக் திட்டத்தைத் திருத்தித் தயாரித்தார். 1886 அக்டோபர் 29ல் திருவிதாங்கூரோடு 999 வருஷக் குத்தகை ஒப்பந்தம். 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய். 1887ல் வேலை தொடங்கி, 1895 அக்டோபர் 10ல் கவர்னர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார்.

கூட்டிப் பாருங்கள். யோசனை பிறந்து தண்ணீர் வர 97 வருஷம்! ‘கோப்பு நிலுவையில் உள்ளது’ என்று நான் எழுதிய எந்தக் கோப்பும் இதற்கு ஈடாகாது.

மெக்கன்சி திறமையாக எழுதியிருக்கிறார். சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்த காரை, மலையைக் குடைந்து ஒரு மைலுக்கு மேல் போட்ட சுரங்கம், வெள்ளம் அடித்துக்கொண்டு போன தற்காலிக அணைகள் எல்லாவற்றையும் கணக்கோடு சொல்கிறார். மதராஸ் பயனியர் படையின் முதலாவது, நான்காவது பட்டாளத்தாரும், கொச்சியிலிருந்து வந்த போர்த்துகீசியத் தச்சர்களும் வேலை செய்தார்கள். அணை கட்டிய இடத்தில் நோயால் இறந்தவர்கள் 483 பேர். ஆனால் வெள்ளத்தில் அடித்துப்போன அணையைப் பற்றி எழுதும்போது, கடைசியில் அணை நின்றுவிட்டது என்று அவருக்குத் தெரியும். ஆகவே தோல்விகள் எல்லாம் வெற்றிக்குப் போகும் படிகளாகவே தெரிகின்றன. வெள்ளம் வந்த அன்றிரவு முகாமில் இருந்தவர்களின் மனநிலை அதில் கிடைக்காது.

இதைப் பற்றி டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தபோது, திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் கேட்டார்.

“ஏன் சார், பென்னிகுக் ஐயா தன் சொத்தையெல்லாம் வித்துத்தான மிச்ச அணையைக் கட்டுனாரு? அது அந்தப் புஸ்தகத்துல இருக்கா?”

“தம்பி, நான் படிச்ச வரைக்கும் செலவு சென்னை அரசாங்கத்தோட கணக்குலதான் இருக்கு. சொத்து வித்ததுக்குக் காகிதம் எதுவும் என் கண்ணுல படல.”

“காகிதம் இல்லாட்டி என்ன சார்? தண்ணி வருதுல்ல!”

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. இங்கே 14,707 ஏக்கரில் இருபோகம் விளைகிறது. ஜனவரி 15, பென்னிகுக் பிறந்த நாளில் நம் ஊர்களில் பொங்கல் வைக்கிறோம். லோயர் கேம்பில் 2013 முதல் மணிமண்டபம் இருக்கிறது. காட்டில், காய்ச்சலுக்கும் மழைக்கும் நடுவே அத்தனை வருஷம் வேலையை விடாமல் நடத்தியவருக்கு அந்த மரியாதை தகும். அதற்குச் சொத்து விற்ற கதை தேவையே இல்லை. என் கவலை வேறு. அந்த ஒரு கதை பெரிதாக வளர வளர, மற்றவர்கள் மறைந்துபோகிறார்கள்.

என் மனைவியின் சின்னம்மாவுக்கு வயது தொண்ணூறு ஆகிறது. அணையைப் பற்றி ஏதாவது கேள்விப்பட்டது உண்டா என்று கேட்டேன்.

“எங்க அம்மாச்சியோட அய்யா மலைக்குக் கூலிக்குப் போனாராம் மாப்பிள்ளை. ரெண்டு தடவ காய்ச்சலோட வீட்டுல வந்து விழுந்தாராம். மூணாவது தடவ போன மனுசன் திரும்பி வரல.”

“அவர் பேரு என்ன அத்தை?”

“பேரு யாருக்குத் தெரியும்? அம்மாச்சி ‘எங்க அய்யா’ன்னுதான் சொல்லும்.”

அந்த மனிதருக்கு உள்ளூரில் ஒரு பேரேட்டில் ஒரு வரி இருந்திருந்தால், இன்று அவர் 483 என்ற எண்ணுக்குள் ஒளிந்திருக்கமாட்டார். புதுச்சேரியில் வந்து போன கப்பலுக்குக்கூடப் பிள்ளையின் குறிப்பில் தேதி இருக்கிறது. நம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறிய மனிதருக்கு இல்லை. ஊருக்கு ஊர் ஒரு கணக்குப்பிள்ளை இருந்த காலம்தான் அது. எழுதத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். இதெல்லாம் எழுத வேண்டிய விஷயம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

காகிதத்தின் அருமை சின்ன விஷயமில்லை. 2014 மே 7ல் உச்ச நீதிமன்றம் அணையில் 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னபோது, 1886ல் கையெழுத்தான ஒப்பந்தம் செல்லும் என்றும் சொன்னது. 128 வருஷம் கழித்து ஒரு பழைய காகிதம் நமக்காகச் சாட்சி சொல்லியது.

இந்த வருஷப் படிப்பின் பலனாக நான் ஒரு காரியம் தொடங்கியிருக்கிறேன். நீளமான கணக்கு நோட்டு ஒன்று வாங்கி, தினமும் அரைப் பக்கம் எழுதுகிறேன். அணையின் நீர்மட்டம், பாசனத்துக்குத் திறந்த தேதி, திராட்சைக்கு வியாபாரி கேட்ட விலை, சுருளி அருவியில் குளிக்கத் தடை போட்ட நாள், தெருவில் நடந்த நல்லது கெட்டது. யார் சொன்னார்கள் என்று அவர்கள் பெயரையும் எழுதுகிறேன். சின்னம்மா சொன்னதுதான் முதல் பக்கம்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய வரவு செலவு நோட்டு, பண்ணைக் கணக்கு, சீட்டு நோட்டு, தபால் அட்டை ஏதாவது இருந்தால், தயவுசெய்து பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பெரியவர்கள் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். முதலில் பெயரைக் கேட்டு எழுதுங்கள். தேதி பிறகு தேடிக்கொள்ளலாம்.