விபத்து வழக்கு: வழக்கறிஞருக்கு எவ்வளவு? கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய கணக்கு

காலை ஷிப்டுக்கு மோட்டாரில் புறப்பட்ட மகன், லாரி மோதி அரசாங்க மருத்துவமனையில் கிடக்கிறான். வார்டுக்கு வெளியே அழுதுகொண்டு நிற்கும் அம்மாவிடம் ஒருவர் வருகிறார். தமிழில் ஆறுதல் சொல்கிறார். "அக்கா, நீங்க ஒரு காசும் கொடுக்க வேணாம். எல்லாத்தையும் நாங்க பார்த்துக்கிறோம். இங்க ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க" என்று தாளை நீட்டுகிறார். கைச்செலவுக்குச் சில நூறு ரிங்கிட்டும் கொடுக்கிறார்.

தோட்டத்திலும் தாமானிலும் இது பழகிப்போன காட்சி. நாள் பல கழித்து ஒரு காசோலை வரும். மொத்த இழப்பீடு எவ்வளவு, அதில் பிடித்தது எவ்வளவு, எதற்காகப் பிடித்தார்கள் என்று கேட்டால் பலருக்குப் பதில் தெரியாது. அந்தக் கணக்கை முன்கூட்டியே புரிந்துகொள்ள உதவுவதே இந்தக் கட்டுரை. இதில் சொல்லப்படும் விதிகள் தீபகற்ப மலேசியாவுக்கு உரியவை.

முதலில் பெர்கேசோ

வேலைக்குப் போகும் வழியிலோ, வேலை முடிந்து வீடு திரும்பும் வழியிலோ, வேலை இடத்திலோ விபத்து நடந்தால் முதலில் பெர்கேசோவைப் பாருங்கள். 1969-ஆம் ஆண்டு தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சந்தா கட்டும் தொழிலாளிக்கு அந்த உரிமை உண்டு. மருத்துவ விடுப்பு 4 நாளுக்குக் குறையாமல் இருந்தால், தற்காலிக இயலாமைக்கு சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். இதற்கு வழக்கறிஞர் தேவையில்லை. முதலாளியும் குடும்பத்தாரும் பாரத்தைப் பூர்த்தி செய்து, மருத்துவச் சான்றிதழோடு கொடுத்தால் போதும். "பெர்கேசோ பணம் எடுத்துத் தருகிறேன்" என்று யாராவது பங்கு கேட்டால், நீங்களே செய்யக்கூடிய வேலைக்குத்தான் அவர் காசு கேட்கிறார்.

மோதிய வாகனத்தின் காப்புறுதி நிறுவனத்திடம் இழப்பீடு கோருவது வேறு விஷயம். சாலையில் ஓடும் வாகனத்துக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம் என்று 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் சொல்கிறது. காயம் கடுமையாக இருந்தாலும், யார் மீது தவறு என்பதில் தகராறு இருந்தாலும் வழக்கறிஞர் அவசியம்.

செலவு மூன்று வகை

ஒன்று, வழக்கறிஞரின் கட்டணம். வீடு வாங்கும்போது உள்ளதுபோல் வழக்குகளுக்கு அரசாங்கம் வகுத்த கட்டண அட்டவணை கிடையாது. வேலையின் சிக்கல், செலவாகும் நேரம், வழக்கின் மதிப்பு, வழக்கறிஞரின் அனுபவம் ஆகியவற்றைப் பொறுத்து இரு தரப்பும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். பேசலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

இரண்டு, கைச்செலவுகள். போலீஸ் புகாரின் நகல், விபத்து இட வரைபடம், புகைப்படங்கள், போலீஸ் விசாரணை முடிவு, மருத்துவ அறிக்கை, வாகனப் பதிவுத் தேடல், நீதிமன்றப் பதிவுக் கட்டணம் போன்றவை இதில் அடங்கும். இவற்றுள் பெரியது பெரும்பாலும் நிபுணர் மருத்துவ அறிக்கைதான். அரசாங்க மருத்துவமனை அறிக்கையைவிடத் தனியார் நிபுணரின் அறிக்கைக்குப் பல மடங்கு ஆகும். ஒவ்வொன்றுக்கும் ரசீது உண்டு. கேட்டு வாங்கலாம்.

மூன்று, சேவை வரி. வரிக்குப் பதிவு பெற்ற வழக்கறிஞர் நிறுவனம் தன் கட்டணத்தின் மீது 8 விழுக்காடு வசூலிக்கும். 2024 மார்ச் மாதத்துக்கு முன் இது 6 விழுக்காடாக இருந்தது.

'ஜெயித்தால் முப்பது விழுக்காடு' சரியா?

நம்மவர்களிடம் அதிகம் புழங்கும் பேச்சு இதுதான். ஆனால் 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 112-ஆவது பிரிவு, ஜெயித்தால் மட்டுமே கட்டணம் என்று வழக்கறிஞர் ஒப்பந்தம் செய்வதைத் தடுக்கிறது. கட்சிக்காரருக்குக் கிடைக்கும் தொகையில் பங்கு வாங்குவதையும் தடுக்கிறது. அமெரிக்கப் படங்களில் பார்க்கும் பங்கு முறை இங்கே சட்டப்படி செல்லாது.

ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கட்டணம் இவ்வளவு என்று முன்பே எழுதிவிட்டு, ஏழைக் குடும்பம் என்பதால் வழக்கு முடிந்த பிறகு வாங்கிக்கொள்வது வேறு. தோற்றால் ஒன்றுமில்லை, ஜெயித்தால் இத்தனை பங்கு என்று பேசுவது வேறு. முதலாவதில் தொகை உங்களுக்கு முதல் நாளே தெரியும். இரண்டாவதில் உங்கள் மகனின் கால் எலும்பு எவ்வளவு மோசமாக முறிந்ததோ, அவ்வளவு அதிகமாக மற்றவருக்குப் போகும்.

தரகர் விஷயமும் அப்படித்தான். வழக்கு பிடித்துத் தர ஆள் அனுப்புவதையும், வழக்கறிஞர் அல்லாதவரோடு கட்டணத்தைப் பங்கு போடுவதையும் வழக்கறிஞர் தொழில் விதிகள் அனுமதிப்பதில்லை. வார்டில் ஆறுதல் சொன்னவருக்கு யாரோ ஒருவர் காசு கொடுத்தாக வேண்டும். அது கடைசியில் உங்கள் இழப்பீட்டிலிருந்துதான் போகும்.

ஒரு கணக்கு

கீழே உள்ள எண்கள் புரிந்துகொள்வதற்காக மட்டுமே. இவை சந்தை விலை அல்ல.

இழப்பீடு 40,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். எழுத்தில் பேசிய கட்டணம் 6,000. அதற்குச் சேவை வரி 480. ரசீதோடு கைச்செலவு 1,500. குடும்பத்தின் கைக்கு வருவது 32,020 ரிங்கிட்.

அதே 40,000-ல் முப்பது விழுக்காடு என்றால் 12,000. தரகர் பங்கு பத்து விழுக்காடு என்றால் 4,000. கைச்செலவு அதே 1,500. மிஞ்சுவது 22,500 ரிங்கிட். வித்தியாசம் 9,520. நடக்க முடியாமல் வீட்டில் இருக்கும் ஒருவருக்கு அது பல மாதச் சாப்பாடு.

இழப்பீட்டுத் தொகையே குறையவும் வாய்ப்பு உண்டு. விபத்தில் உங்கள் பக்கமும் இருபது விழுக்காடு தவறு என்று முடிவானால், 50,000 மதிப்புள்ள காயத்துக்கு 40,000தான் கிடைக்கும். எனவே முதல் நாளே பெரிய தொகையை உறுதியாகச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

எதிர்த்தரப்பு கொடுக்கும் 'கோஸ்'

வழக்கில் வென்றால் இழப்பீட்டோடு வழக்குச் செலவுக்கென்று தனித் தொகை கொடுக்கும்படி நீதிமன்றம் எதிர்த்தரப்புக்கு உத்தரவிடுவது வழக்கம். சமரசமாக முடிந்தாலும் காப்புறுதி நிறுவனம் இதைச் சேர்த்துக் கொடுப்பதுண்டு. பலர் இப்படி ஒரு தொகை இருப்பதையே அறிவதில்லை. "கோஸ் எவ்வளவு வந்தது? அதை என் கட்டணத்தில் கழித்தீர்களா?" என்று கேளுங்கள். பொதுவாக இந்தத் தொகை உங்கள் வழக்கறிஞரின் முழுக் கட்டணத்தை ஈடுகட்டாது. ஆனாலும் பாரத்தைக் குறைக்கும்.

வழக்கில் தோற்றால், எதிர்த்தரப்பின் செலவை நீங்கள் கட்டும்படி உத்தரவு வரலாம். "உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை" என்பது முழு உண்மை அல்ல.

அவசரப்பட வேண்டாம்

வாகனம் ஓட்டியவர் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் செய்ய வேண்டும். அதுதான் அவசரம். வழக்கறிஞரைத் தேர்ந்தெடுக்க நாள் இருக்கிறது. காயத்துக்கான வழக்கை 6 ஆண்டுக்குள் தொடுக்கலாம். இறந்தவரின் குடும்பத்தார் கோரும் இழப்பீட்டுக்கு, இறந்த நாளிலிருந்து 3 ஆண்டு. அரசாங்கத் தரப்பு மீதான வழக்குக்கு 36 மாதம். கடைசி வரை காத்திருக்கச் சொல்லவில்லை, சாட்சிகள் மறந்துவிடுவார்கள். ஆனால் வார்டு வாசலில் கையெழுத்துப் போட எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

சாலை விபத்து வழக்குகளை, தொகை எவ்வளவானாலும், செஷன்ஸ் நீதிமன்றம் விசாரிக்க முடியும். ஆகவே பெரிய தொகை என்பதால் உயர் நீதிமன்றம் போக வேண்டும், அதனால் செலவு கூடும் என்று யாராவது சொன்னால் காரணம் கேளுங்கள்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

1. உங்கள் பெயர், நிறுவனத்தின் பெயர் என்ன? வழக்கறிஞர் மன்றத்தின் இணையப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.
2. வழக்கறிஞரை நேரில் பார்க்க முடியுமா? தரகரை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.
3. கட்டணம் எவ்வளவு? சமரசமாக முடிந்தால் எவ்வளவு, விசாரணை வரை போனால் எவ்வளவு? மேல்முறையீடு தனியா?
4. கைச்செலவை யார் முதலில் போடுவது? தோற்றால் யார் ஏற்பது?
5. இவை எல்லாம் எழுத்தில் இருக்கிறதா? எனக்கு நகல் கிடைக்குமா?
6. காப்புறுதி நிறுவனம் தொகை சொன்னால், என்னைக் கேட்காமல் ஒப்புக்கொள்வீர்களா?

வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்தால், படிக்கத் தெரிந்த பிள்ளையை வைத்துக்கொண்டு வாசித்துக் கேளுங்கள். கட்டணம் கட்ட வழியில்லாதவர்கள் சட்ட உதவித் துறையின் கிளைக்குப் போய் ஆலோசனை கேட்கலாம்.

பணம் வந்த பிறகு

காப்புறுதி நிறுவனத்தின் பணம் வழக்கமாக வழக்கறிஞரின் கட்சிக்காரர் கணக்குக்குப் போகும். அது நிறுவனத்தின் சொந்தப் பணத்தோடு கலக்கக் கூடாது. வந்த தொகை, கட்டணம், கைச்செலவு, உங்களுக்குச் சேர வேண்டிய மீதி எல்லாம் ஒரே தாளில் எழுதிய கணக்கைக் கேளுங்கள். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கான சமரசத்துக்கு நீதிமன்றத்தின் ஒப்புதல் வேண்டும்.

பில் அதிகம் என்று தோன்றினால் அதைச் சரிபார்க்கும்படி நீதிமன்றத்திடம் கேட்க வழி உண்டு. வழக்கறிஞர் தவறாக நடந்தார் என்றால் வழக்கறிஞர் ஒழுங்கு வாரியத்திடம் புகார் செய்யலாம். நடுவில் வழக்கறிஞரை மாற்றவும் உங்களுக்கு உரிமை உண்டு. அதுவரை செய்த வேலைக்குப் பழைய வழக்கறிஞருக்குக் கட்டணம் கொடுக்க வேண்டியிருக்கும்.

நேர்மையாக உழைக்கும் வழக்கறிஞருக்குக் கூலி கொடுப்பது நியாயம். ஆறாவது கேள்வி வரை பொறுமையாகப் பதில் சொல்லி, எழுதியும் கொடுப்பவரை நம்பிப் போகலாம். கேள்வி கேட்டதும் முகம் சுளிப்பவரிடம் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.