சித்தம்பூண்டிக் கல்

திருப்பூர் வானத்தைப் பனியன் கம்பெனி விளக்குகள் தின்றுவிட்டன, மிஞ்சியது நிலவு. அதற்கு மொட்டைமாடியும் சிறு தொலைநோக்கியும் போதும். பௌர்ணமி உதவாது, நிழல் இராது. அஷ்டமியை ஒட்டி, ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டில்தான் நான் பார்ப்பது. தெற்கே டைக்கோ, 85 கிலோமீட்டர் அகலம்.

கரிய திட்டுகளுக்கு 1651-ல் ரிச்சியோலி கடல்களென்று பெயரிட்டார். கடலல்ல, உறைந்த எரிமலைக் குழம்பு. வெளிறிய மேட்டுநிலம் அனார்த்தசைட் என்ற பாறை.

அந்தக் கல் காவிரிக்கு அக்கரையில், சித்தம்பூண்டியில் கிடக்கிறது. அது சேலம் ஜில்லாவாக இருந்தபோது, 1956-ல், ஏ. பி. சுப்பிரமணியம் அதை ஆராய்ந்து எழுதினார். நிலவிலும் இதே இனம் என்று தெரிய 1969-ல் அப்பல்லோ 11 மண் கொண்டுவர வேண்டியிருந்தது. பிற்பாடு இஸ்ரோ இப்பாறையைப் பொடித்து, நிலவு மண்ணுக்குப் பதிலாகப் பரப்பி, சந்திரயான் சோதனைகளை நடத்தியது. 2023 ஆகஸ்ட் 23-ல் தென்துருவப் பக்கம் இறங்கிய கலத்தின் ஊர்தி மண்ணை அளந்தது. அனார்த்தசைட்டுக்குரிய கலவைதான்.

நம் கவிதையில் நிலவு முகம். எங்கே முகமாக இல்லை என்று கேட்டவர்கள் குறைவு. புவியியல்காரர்கள் ஒப்புமையின் முறிவையும் சேர்த்தே எழுதுகிறார்கள். சித்தம்பூண்டிக் கல் பூமிக்குள் அமுங்கி வெந்து உருமாறியது. அதிலுள்ள ஹார்ன்பிளெண்டுக்குள் நீர் கட்டுண்டிருக்கிறது. அப்பல்லோ கொணர்ந்த அனார்த்தசைட்டில் அந்தக் கனிமம் இல்லை.